ரொக்கெட் வெளிச்சம் டச்பேயில் தெரிகிறது. பயன் எங்கே தெரிகிறது?

டச்பே வாசி (இழையைத் தொடங்கியவர்)

வீட்டுச் சண்டையை வெளியே கொண்டுபோகக் கூடாது என்பார்கள். ஆனால் இது பொதுவான சண்டை, அதனால் கொண்டுவருகிறேன்.

சில வருடங்களுக்கு முன் ஒரு விடியற்காலையில் திருகோணமலை டச்பே கரையில் நடந்துகொண்டிருந்தேன். வடக்கே, கடலும் வானும் சேரும் இடத்துக்குச் சற்று மேலே ஒரு செம்மஞ்சள் பொட்டு எழும்பியது. படகு விளக்கு என்றுதான் முதலில் நினைத்தேன். பொட்டு மேலே ஏறி, கிழக்குப் பக்கம் சாய்ந்து, ஒரு கணம் அணைந்து, மறுபடியும் பற்றிக்கொண்டது. பின்னால் பால் கொட்டினாற்போல் புகை. கீழே எங்களுக்கு இன்னும் இருட்டு, மேலே அந்தப் புகைக்கு மட்டும் வெயில். ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து இந்தியா ஏவிய ரொக்கெட் என்று பிறகு தெரிந்தது. பக்கத்தில் வேப்பங்குச்சியால் பல் துலக்கிக்கொண்டு நின்ற பெரியவர் ஒருவர் எச்சிலைத் துப்பிவிட்டு, "தம்பி, இதற்கு எவ்வளவு செலவாகும்?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை.

நேற்று அதே கேள்வியை என் மைத்துனர் சாப்பாட்டு மேசையில் போட்டார். அரசாங்கப் பணத்தில் விண்வெளி நிறுவனம் நடத்துவது தகுமா? அமெரிக்காவுக்கு நாசா, இந்தியாவுக்கு இஸ்ரோ. நமக்கும் ஒன்று வேண்டும் என்று கொழும்பில் அவ்வப்போது பேச்சு எழுகிறது. அவர் வேண்டாம் என்றார். நான் வேண்டும் என்றேன். ஏன் வேண்டும் என்று கேட்டபோது எனக்கு அந்தப் பால் புகைதான் ஞாபகம் வந்தது. காரணம் ஒன்றும் வரவில்லை. உங்களிடம் இருந்தால் தாருங்கள்.

கணக்குப்பிள்ளை

அரச கணக்குக் கிளைகளில் முப்பது வருடத்துக்கு மேல் இருந்தவன் நான். அதனால் பால் புகையை விட்டுவிட்டுப் பற்றுச்சீட்டைப் பார்க்கிறேன்.

இந்தியா 2013இல் செவ்வாய்க்கு அனுப்பிய கலத்துக்கு ஏறத்தாழ 450 கோடி இந்திய ரூபாய். 2023 ஓகஸ்ட் 23 அன்று நிலவில் இறங்கிய சந்திரயான்-3க்கு ஏறத்தாழ 615 கோடி. உலகத்தில் வேறு யாரும் இவ்வளவு மலிவாகச் செய்ததில்லை என்று எல்லோரும் பெருமைப்படுகிறார்கள். மலிவாகக் கிடைக்கிறது என்பதற்காக நாலடி உயரப் பித்தளைக் குத்துவிளக்கை வாங்கி யாரும் சமையலறையில் வைப்பதில்லை.

நாசாவின் கதை இதைவிடப் பெரியது. 1966இல் அமெரிக்க மத்திய அரசின் செலவில் 4 வீதத்துக்கு மேல் நாசாவுக்குப் போனது. இன்று அரை வீதத்துக்கும் குறைவு, ஆனாலும் 2023இல் அது 2,540 கோடி டொலர். அந்தப் பணத்தில் என்ன வாங்கினார்கள் என்று பாருங்கள். விண்ணோடம் (ஸ்பேஸ் ஷட்டில்) வருடத்துக்குப் பல பத்துத் தடவை, பஸ் ஓடுவதுபோல் ஓடும் என்று சொல்லித்தான் கட்டினார்கள். முப்பது வருடத்தில் ஓடியது 135 தடவை. மொத்தச் செலவைப் பகிர்ந்து பார்த்தால் ஒரு பயணத்துக்கு ஏறத்தாழ 150 கோடி டொலர் விழுகிறது. பறந்த ஐந்து ஓடங்களில் இரண்டு அழிந்தன, 14 உயிர் போயிற்று. 1986இல் சலஞ்சர் ஓடம் வெடிப்பதற்கு முதல் நாள் இரவு, இந்தக் குளிரில் ஏவ வேண்டாம் என்று ரொக்கெட்டைச் செய்த நிறுவனத்தின் பொறியியலாளர்களே சொன்னார்கள். மேலே இருந்தவர்கள் கேட்கவில்லை. அரச நிறுவனம் என்றால் இதுதான் நோய்: தொடங்கிய வேலையை நிறுத்தத் தெரியாது, கீழே இருப்பவன் சொல்வது மேலே கேட்காது.

இலங்கைக்கு வருவோம். 2022 ஏப்ரலில் கடனைக் கட்ட முடியாது என்று கைவிரித்த நாடு இது. அதே வருடம் ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து ஒரே இரவில் 340 ஆனது. இங்கே விண்வெளி நிறுவனம் என்று ஒரு பெயர்ப்பலகை மாட்டினால் முதலில் தலைவருக்கு வாகனம் வரும், பிறகு வாகனத்துக்குச் சாரதி வருவார், பிறகு சாரதிக்கு மேலதிக நேரக் கொடுப்பனவு வரும். செய்மதி மட்டும் வராது.

இராவணன் வெட்டு

செய்மதியும் வந்தது ஐயா. 2019இல் 'இராவணா-1'. எடை ஒரு கிலோ சொச்சம். கோணேசர் கோயிலுக்கு வருபவர்களுக்கெல்லாம் இராவணன் வாளால் பிளந்த மலை என்று கை நீட்டிக் காட்டுகிறோம். அவன் பெயரில் மேலே போனது இரண்டு இறாத்தல் பாணும் கொஞ்சம் பட்டரும் சேர்ந்த எடை.

நிலாவெளி ரீச்சர்

இராவணன் வெட்டுத் தம்பி, பாண் கணக்கு சரிதான். ஆனால் அந்தப் பாணைச் சுட்ட விதத்தையும் சொல்லுங்கள். ஜப்பானில் கியூஷு தொழில்நுட்ப நிறுவனத்தில் இரண்டு இலங்கைப் பொறியியலாளர்கள் அதைச் செய்தார்கள். 2019 ஏப்ரல் 17 அன்று அமெரிக்காவிலிருந்து, நாசா வாடகைக்குப் பிடித்த சரக்குக் கலத்தில் சர்வதேச விண்வெளி நிலையத்துக்குப் போனது. ஜூன் 17 அன்று அங்கிருந்து வெளியே விடப்பட்டது. கூடவே நேபாளத்தின் முதல் செய்மதியும் போனது. பெரிய வீட்டுக் கல்யாணத்துக்குப் போகும் பஸ்ஸில் நாமும் ஒரு ஓரமாக ஏறிக்கொண்டோம், அவ்வளவுதான். அந்தப் பஸ்ஸுக்குக் காசு கொடுத்தவை அரச நிறுவனங்கள்.

கணக்குப்பிள்ளை ஐயாவுக்கு: நிலவையும் செவ்வாயையும் மட்டும் பேரேட்டில் எழுதினால் கணக்கு நட்டத்தில்தான் முடியும். வரவுப் பக்கத்தில் வானிலையையும் எழுதுங்கள். 2020 டிசம்பர் 2 இரவு புரெவி சூறாவளி திருகோணமலைக்குச் சற்று வடக்கே கரையேறியது. அதற்கு இரண்டு நாள் முன்பே பாதை வரைந்த படம் எல்லோருடைய கைபேசியிலும் இருந்தது. எங்கள் பாடசாலை மண்டபத்தில் பாய் விரித்து, பிள்ளைகளுக்குப் பருப்பும் சோறும் கொடுத்து, காற்று வருவதற்கு முன் கதவைச் சாத்திக்கொண்டோம். கூரைத் தகரம் போனது. ஆள் போகவில்லை.

1964 டிசம்பர் 22 சூறாவளியைப் பற்றி என் அம்மம்மா சொன்ன கதையில் எச்சரிக்கை என்று ஒரு சொல்லே இல்லை. பின்னேரம் வானம் செம்பு நிறமாக இருந்ததாம், மாடுகள் கத்தினவாம், இரவு வீட்டுக்கு மேல் தென்னை விழுந்ததாம். அதே சூறாவளிதான் தீவைக் கடந்துபோய்த் தனுஷ்கோடியைத் தின்றது. இந்த இரண்டு இரவுகளுக்கும் இடையே உள்ள வித்தியாசத்துக்கு விலை போட்டுத் தாருங்கள் ஐயா.

கணக்குப்பிள்ளை

விலை போடுகிறேன். அமெரிக்காவின் முதல் வானிலைச் செய்மதி டைரோஸ் 1960 ஏப்ரலிலேயே மேலே போய்விட்டது. 1964இல் உங்கள் அம்மம்மாவுக்கு அதனால் என்ன கிடைத்தது? தென்னை விழுந்த பிறகுதானே தெரிந்தது? மேலே செய்மதி இருப்பதும் கீழே செய்தி வந்து சேர்வதும் வெவ்வேறு தலைப்பில் எழுத வேண்டிய செலவுகள்.

இன்னொன்று. புரெவியை இந்தியாவின் இன்சாட் செய்மதி பார்த்தது, ஜப்பானின் ஹிமாவாரியும் பார்த்தது. ஹிமாவாரியை நடத்துவது அந்த நாட்டு வளிமண்டலத் திணைக்களமே தவிர விண்வெளி நிறுவனமல்ல. வானிலைக்கு வானிலைத் திணைக்களம் போதும். அதற்கு நிலவுக்குப் போகும் அலுவலகம் எதற்கு?

தனிவழி

ரொறன்ரோவிலிருந்து எழுதுகிறேன். பிறந்தது திருகோணமலை உவர்மலையில்.

நீங்கள் இருவரும் பழைய காலத்தில் நின்று சண்டை பிடிக்கிறீர்கள். ரொக்கெட்டின் கீழ்ப்பகுதியைப் பத்திரமாகத் தரையிறக்கி மறுபடி பறக்கவிட ஒரு தனியார் நிறுவனத்தால் முடிந்தது. 2015 டிசம்பரில் ஸ்பேஸ்எக்ஸ் அதை முதலில் இறக்கிக் காட்டியபோது நாசா என்ன செய்துகொண்டிருந்தது? எஸ்எல்எஸ் என்ற ஒரு ராட்சத ரொக்கெட்டைக் கட்டிக்கொண்டிருந்தது. ஆட்கள் ஏறும் ஓரையன் கலத்தோடு சேர்த்து அதை ஒரு தடவை ஏவ 410 கோடி டொலர் ஆகும் என்று நாசாவின் சொந்தக் கணக்காய்வுத் தலைவரே 2022இல் சொன்னார். பறந்து முடிந்ததும் அது கடலுக்குள். 2011இல் விண்ணோடத்தை நிறுத்திய பிறகு ஒன்பது வருடம் அமெரிக்கர்கள் ரஷ்யாவிடம் டிக்கெட் வாங்கித்தான் விண்வெளிக்குப் போனார்கள். அந்த வரிசையை முடித்துவைத்ததும் தனியார்தான், 2020 மே மாதத்தில். 2025இல் ஸ்பேஸ்எக்ஸின் செய்மதி இணையமான ஸ்டார்லிங்க் இலங்கைக்கே வந்துவிட்டது. இனி அரசாங்கம் ஒதுங்கி நிற்கலாம்.

நிலாவெளி ரீச்சர்

தனிவழித் தம்பி, அந்த நிறுவனத்தின் முதல் மூன்று ரொக்கெட்டுகளும் விழுந்தன. நாலாவது, 2008 செப்டெம்பர் 28 அன்று ஒருவழியாகப் போய்ச் சேர்ந்தது. கையில் காசு வற்றிய அந்த வருடக் கடைசியில் 160 கோடி டொலர் ஒப்பந்தத்தை நீட்டியது யார்? நாசா. தென்னை காய்த்த பிறகு தேங்காயை எண்ணுகிறீர்கள். கன்றாக இருந்தபோது குடத்தில் தண்ணீர் சுமந்தவரை மறந்துவிட்டீர்கள்.

உங்கள் வழியை ஒரு தடவை பரீட்சித்தும் பார்த்திருக்கிறார்கள். லான்ட்சாட் என்று பூமியைப் படம் எடுக்கும் செய்மதி வரிசை 1972இல் தொடங்கியது. வயல், காடு, ஆறு, கரை எல்லாம் அதில் தெரியும். 1985இல் அமெரிக்க அரசு அந்தப் படங்களை விற்கும் வேலையைத் தனியாரிடம் கொடுத்தது. ஒரு படத்தின் விலை 4,000 டொலருக்கும் மேலே போனது. பல்கலைக்கழகங்களே வாங்குவதை நிறுத்தின. பிறகு அரசாங்கம் திருப்பி எடுத்து விலையை 600 டொலருக்கு இறக்கி, கடைசியில் 2008இல் இலவசம் என்றது. இன்று என்னுடைய உயர்தர மாணவி ஒருத்தி 1988இலிருந்து இன்றுவரை குச்சவெளிக் கரை எப்படி நகர்ந்திருக்கிறது என்று வீட்டிலிருந்தே பார்க்கிறாள், சல்லிக்காசு கொடுக்காமல். இதை எந்த வியாபாரி செய்வார்?

இராவணன் வெட்டு

சல்லி என்றதும் சல்லி ஊர்க்காரர் வருவார் பாருங்கள்.

மட்டுறுத்துநர்

'செய்மதி' சரியா 'செயற்கைக்கோள்' சரியா என்று நடுவில் புகுந்த பதினோரு பதிவுகளை வேறு இழைக்கு மாற்றியிருக்கிறேன். அங்கே போய் அடித்துக்கொள்ளுங்கள்.

சல்லிக் கடலோடி

வந்துவிட்டேன். நான் சொல்லச் சொல்ல மகள் தட்டுகிறாள். தமிழ் நன்றாக இருந்தால் அது அவளுடையது.

கடலுக்குள் மீன் தங்கும் பாறைத் திட்டுகள், பார்கள் என்போம், சில எங்களுக்குத் தெரியும். அப்பா காலத்தில் அதைப் பிடிக்கக் கண்தான் கருவி. தெற்கே கோணேசர் கோயில் இருக்கும் சுவாமிமலையின் முனை, மேற்கே கரையில் ஓர் ஒற்றைப் பனை. இரண்டும் அதற்கதற்கு உரிய இடத்தில் வந்து நின்றால் கீழே பார் இருக்கிறது என்று கல்லைப் போடுவார். மழை மூட்டம் என்றால் மலையும் இல்லை, பனையும் இல்லை, மீனும் இல்லை. அந்தப் பனை சுனாமியில் போயிற்று. இப்போது என்னிடம் உள்ளங்கை அளவு ஜிபிஎஸ் பெட்டி இருக்கிறது, உப்பு ஏறாமல் இருக்க மதிய உணவுப் பைக்குள் கட்டி வைத்திருக்கிறேன். அதில் நாற்பது இடம் குறித்திருக்கிறேன். மச்சானுக்குக்கூடக் காட்டமாட்டேன். ஆகவே செய்மதியால் பயன் இல்லை என்று யாரும் என்னிடம் சொல்ல வேண்டாம்.

ஆனால் ரீச்சர், ஒன்று கேட்கிறேன். வானொலியில் வரும் கடல் அறிவித்தலைக் கேட்டிருப்பீர்கள். "காங்கேசன்துறையிலிருந்து திருகோணமலை ஊடாக மட்டக்களப்பு வரையான கடற்பரப்புகளில் காற்றின் வேகம் மணிக்கு 60 முதல் 70 கிலோமீற்றர் வரை அதிகரிக்கலாம்." காங்கேசன்துறை எங்கே, மட்டக்களப்பு எங்கே? கிழக்கும் வடக்கும் முழுவதும் அதற்குள் இருக்கிறது. மூன்று நாள் அந்த அறிவித்தலைக் கேட்டு வீட்டில் இருந்தேன். சல்லியில் கடல் குளம்போலக் கிடந்தது. நாலாம் நாள் கேட்டும் கேளாமல் போனேன். அன்றுதான் கச்சான் காற்று திடீரென்று கரையிலிருந்து இறங்கி அடித்தது. பதினெட்டு அடிப் படகில் ஒற்றை எஞ்சினோடு கரை சேர நாலு மணி நேரம் ஆனது. வலையை வெட்டி விட்டுவிட்டுத்தான் வந்தேன். வலைக்கு யாரிடம் போய்க் கேட்பது? மேலே இருக்கிற கண்ணுக்கு ஆறு, கரை எல்லாம் தெரியும் என்கிறீர்கள். கீழே என் காதுக்கு வரும்போது அது ஏன் முந்நூறு கிலோமீற்றர் அகலமாகிறது?

கணக்குப்பிள்ளை

கடலோடித் தம்பி என் கட்சிக்கு வந்துவிட்டார். ஒரு திருத்தம் மட்டும்: ஜிபிஎஸ்ஸைச் செய்தது நாசா அல்ல, அமெரிக்க இராணுவம். பொதுமக்களுக்கு வேண்டுமென்றே பிழை கலந்து கொடுத்துக்கொண்டிருந்தார்கள், 2000 மே மாதம்தான் அதை நிறுத்தினார்கள். விண்வெளி நிறுவனத்தின் வரவுப் பக்கத்தில் அதை எழுத முடியாது.

சல்லிக் கடலோடி

நான் எந்தக் கட்சிக்கும் வரவில்லை ஐயா. வலைக்குத்தான் வந்தேன்.

பின்விரிகுடா

இடையில் ஒரு தகவல். பூமியை வடக்குத் தெற்காகச் சுற்றும் துருவப் பாதைக்குப் போகும் இந்திய ரொக்கெட் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து நேரே தெற்கே போக முடியாது. போனால் நம் தலைக்கு மேல் போகும். கழன்று விழும் பகுதிகள் எங்கே விழும் என்று உத்தரவாதம் கொடுக்க முடியாது. ஆகவே முதலில் தென்கிழக்கே போய்ப் பிறகு தெற்கே வளைகிறது. அந்த வளைவில் உந்துவிசை வீணாகிச் சுமக்கும் எடை குறைகிறது. சிறிய ரொக்கெட்டுகளுக்கு அது பெரிய இழப்பு. அதனால்தான் தூத்துக்குடிப் பக்கம் குலசேகரபட்டினத்தில் இரண்டாவது ஏவுதளத்துக்கு 2024 பெப்ரவரி 28 அன்று அடிக்கல் வைத்தார்கள். டச்பே வாசி பார்த்த வெளிச்சம் கிழக்கே சாய்ந்ததற்கு நாமும் ஒரு காரணம். பெரியவர் செலவைக் கேட்டாரே, அதில் ஒரு பகுதி இந்தத் தீவைச் சுற்றிப் போகும் செலவு.

இராவணன் வெட்டு

சும்மா இருந்தே செலவு வைத்திருக்கிறோம். இதுவல்லவா வல்லரசு.

டச்பே வாசி

பின்விரிகுடாவுக்கு நன்றி. இன்று இரவு மைத்துனரிடம் சொல்ல ஒரு விஷயமாவது கிடைத்தது.

நம் ஊர்க் கதை இன்னொன்றும் ஞாபகம் வருகிறது. பூமியின் சுழற்சியோடு சேர்ந்து ஒரே இடத்தில் நிற்பதுபோல் தெரியும் செய்மதிகளால் உலகம் முழுவதும் செய்தி அனுப்பலாம் என்று 1945இல் ஒரு வானொலிச் சஞ்சிகையில் எழுதியவர் ஆர்தர் சி. கிளார்க். 1956இலிருந்து அவர் இலங்கைவாசி. அதே வருடம் நம்முடைய சுவாமிமலைக்குக் கீழே மூழ்கி, போர்த்துக்கேயர் இடித்த கோணேசர் கோயிலின் தூண்களைக் கடலடியில் பார்த்தவர்களில் ஒருவர். அவர் பெயரில் மொரட்டுவையில் அரச நிறுவனம் ஒன்றும் 1984இலிருந்து இருக்கிறது. நாம் புதிதாகப் பெயர்ப்பலகை எழுதத் தேவையில்லை.

கணக்குப்பிள்ளை

அருமையான உதாரணம், ஆனால் அது என் பக்கத்துக்கு. 1945இல் கிளார்க்குக்கு எந்த விண்வெளி நிறுவனம் சம்பளம் கொடுத்தது? நாசா பிறந்ததே 1958இல்.

நிலாவெளி ரீச்சர்

எழுதுவதற்குத் தாளும் பேனாவும் போதும் ஐயா. அந்த 36,000 கிலோமீற்றர் உயரத்தில் முதல் செய்மதி போய் நின்றது 1964இல், நாசா ஏவிய சின்கொம்-3. பத்தொன்பது வருடம் அந்த யோசனை தாளிலேயே கிடந்தது.

கிண்ணியாப் பாலம்

நான் இதுவரை வாசித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். கோபத்தோடு எழுதுகிறேன், மன்னிக்கவும்.

2004 டிசம்பர் 26. எனக்கு வயது 13. சாச்சி முற்றத்தில் மீன் கழுவிக்கொண்டிருந்தார். அரிவாள்மணையின் பக்கத்தில் நீல நிற வாளி ஒன்று. பூனை சுற்றிச் சுற்றி வந்தது. இதெல்லாம் எனக்கு இன்றைக்கும் அப்படியே தெரிகிறது. சத்தம் கேட்டது. அவ்வளவுதான். அந்த வாளியை மூன்றாம் நாள் ஆஸ்பத்திரிப் பக்கத்தில் கண்டெடுத்தோம். ஆஸ்பத்திரியையே கடல் எடுத்திருந்தது. சாச்சியை அதற்கும் பிறகுதான்.

அப்போது நாசா இருந்தது. இஸ்ரோ இருந்தது. மேலே எத்தனையோ செய்மதிகள் சுற்றிக்கொண்டிருந்தன. சுமாத்ராவில் பூமி ஆடியது காலை ஏழு மணிக்குக் கிட்ட. எங்களிடம் வரச் சுமார் இரண்டு மணி நேரம் எடுத்தது. ஒருவராவது சொன்னார்களா? பெறுமதி பெறுமதி என்கிறீர்கள். எனக்கு அந்த இரண்டு மணி நேரத்தின் பெறுமதியைச் சொல்லுங்கள்.

நிலாவெளி ரீச்சர்

கிண்ணியாத் தம்பி, இதை எழுதலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். உங்களிடம் மறைப்பதும் சரியல்ல.

மேலேயிருந்து பார்த்தார்கள். அமெரிக்காவும் பிரான்சும் சேர்ந்து ஏவிய ஜேசன்-1 என்ற செய்மதி, 1,336 கிலோமீற்றர் உயரத்திலிருந்து கடல்மட்டத்தின் உயரத்தைச் சென்ரிமீற்றர் கணக்கில் அளக்கக்கூடியது. அன்று பூமி ஆடி இரண்டு மணி நேரம் கழித்து அது தற்செயலாக வங்காள விரிகுடாவுக்கு மேல் வந்தது. அலையை அளந்தது. ஆழ்கடலில் அதன் உயரம் சுமார் 60 சென்ரிமீற்றர். படகில் இருந்தவனுக்குத் தெரியாது, செய்மதிக்குத் தெரிந்தது. ஆனால் அந்தத் தரவு கீழே வந்து, கணித்து முடிந்து, மனிதர் வாசிக்கும் வடிவத்துக்கு வர மணிக்கணக்கு ஆகியது. உடனே வாசித்திருந்தாலும் நமக்குப் பிந்தியிருக்கும். செய்மதி பார்த்த நேரத்தில் அலை நம் கரைக்கு வந்துவிட்டது.

சுனாமியைப் பிடிப்பது நில அதிர்வுமானியும் கடலடியில் வைக்கும் அழுத்தமானியும்தான். செய்மதி அந்த அழுத்தமானியின் செய்தியைக் கரைக்குக் கொண்டுவரும் தபால்காரன். 2004இல் இந்து சமுத்திரத்துக்கு அப்படி ஒரு ஏற்பாடே இல்லை. பசிபிக்கில் இருந்தது. 2007இல்தான் ஹைதராபாத்தில் இந்தியாவின் எச்சரிக்கை நிலையம் வந்தது.

நான் இங்கே செய்மதிகளுக்காக வழக்காடிக்கொண்டிருக்கிறேன். ஆனாலும் ஜேசன்-1 எடுத்த அந்த வரைபடத்தை வகுப்பில் காட்டும்போது, கோடு மேலே எழும்பும் இடத்தில் என் விரல் ஒவ்வொரு முறையும் நிற்கும்.

டச்பே வாசி

2012 ஏப்ரல் 11ஐ இங்கே யாரும் மறந்திருக்கமாட்டீர்கள். மத்தியானம் இரண்டு மணிக்குச் சற்றுப் பிறகு சுமாத்ராவில் 8.6. எச்சரிக்கை வந்தது. அம்மாவை முச்சக்கர வண்டியில் ஏற்றி உவர்மலைக்குப் போனேன். வீதி முழுவதும் ஆட்கள். ஒரு பெண் அடுப்பில் இருந்த சோற்றுப் பானையோடு ஓடினார். அலை வரவில்லை. பின்னேரம் எல்லோரும் இறங்கி வந்து ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தோம். அம்மா மட்டும் சிரிக்கவில்லை. "அன்றைக்கும் இப்படிச் சொல்லியிருக்கலாமே" என்றார்.

தனிவழி

கிண்ணியாப் பாலத்தின் பதிவுக்குப் பிறகு டொலர் கணக்குப் பேசக் கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் என் கேள்வி அப்படியே நிற்கிறது. இலங்கை படத்தையும் சேவையையும் வாங்கிக்கொள்ளலாம். நமக்கென்று ஒரு நிறுவனம் வைத்து நாமே ஏவப் பார்ப்பது தேவையா?

நிலாவெளி ரீச்சர்

ஏவத் தேவையில்லை. அதில் உங்களோடும் ஐயாவோடும் ஒத்துப்போகிறேன். 2017 மே 5 அன்று இந்தியா தெற்காசியச் செய்மதியை ஏவியபோது அயல்நாடுகளோடு இலங்கையும் அதில் பங்கு பெற்றது. அனர்த்தம் என்றால் சர்வதேச உடன்படிக்கை ஒன்றின் கீழ் உலக விண்வெளி நிறுவனங்கள் படங்களை இலவசமாகத் தருகின்றன. மேலே கண் நிறைய இருக்கிறது. இந்த நாட்டுக்கு வேண்டியது அந்தக் கண் பார்த்ததை வாசித்து, கடலோடி அண்ணன் சொன்ன முந்நூறு கிலோமீற்றரை முப்பதாகச் சுருக்கி, தமிழிலும் சிங்களத்திலும் விடியற்காலை நாலு மணிக்கு முன் மீனவர் வாடிக்குச் சொல்லக்கூடிய ஆட்கள். அப்படி நாற்பது பேரைப் பயிற்றிச் சம்பளம் கொடுத்தால், அதற்கு விண்வெளி நிறுவனம் என்று பெயர் வைத்தாலும் சரி, வேறு பெயர் வைத்தாலும் சரி.

கணக்குப்பிள்ளை

நாற்பது பேருக்கு வாகனம் கிடையாது என்று எழுதித் தந்தால் கையொப்பம் வைக்கிறேன்.

ஆனால் ரீச்சர், நீங்கள் என் முதல் கேள்வியை மெதுவாகத் தாண்டிப் போய்விட்டீர்கள். அந்தக் கண்களை மேலே அனுப்பியவர்கள் நிலவுக்கும் போக வேண்டியிருந்ததா?

நிலாவெளி ரீச்சர்

தாண்டவில்லை ஐயா, அதற்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. 2019 செப்டெம்பரில் சந்திரயான்-2இன் தரையிறங்கி விழுந்தபோது எங்கள் பத்தாம் ஆண்டுப் பிள்ளைகள் அழுதார்கள். 2023இல் மறுபடியும் இறக்கியபோது கத்திய கத்தில் அதிபர் ஓடி வந்தார். அன்று அழுத அந்த வகுப்பில் ஐந்து பேர் இன்று பௌதிகவியல் படிக்கிறார்கள். அதற்கு முந்திய வகுப்பில் ஒருவர். உங்கள் பேரேட்டில் இதற்குத் தலைப்பு இருக்கிறதா என்று எனக்குத் தெரியாது.

கணக்குப்பிள்ளை

'பல்வகை வருமானம்' என்று ஒன்று இருக்கிறது. தொகை சிறிதாக இருந்தால் அதில் போடலாம்.

சல்லிக் கடலோடி

ரீச்சர், மகள் கைபேசியில் ஒரு படம் காட்டுகிறாள். ஹிமாவாரியாம், பத்து நிமிடத்துக்கு ஒரு படமாம். வெள்ளை வெள்ளையாகச் சுழல்கிறது. எது மழை முகில், எது சும்மா முகில் என்று எங்களுக்குப் பிடிபடவில்லை. கச்சான் வரப்போகிறது என்றால் அதில் ஏதாவது தெரியுமா? ஞாயிற்றுக்கிழமை இந்தப் பக்கம் வந்தால் வாடியில் பத்துப் பன்னிரண்டு பேர் இருப்போம். ஒருதரம் காட்டித் தாருங்கள்.

நிலாவெளி ரீச்சர்

முகிலைக் காட்டித் தரலாம் அண்ணா. இடிமுகில் எப்படிக் கட்டுகிறது, எந்தப் பக்கம் நகர்கிறது என்று பார்க்கலாம். கச்சானை உறுதியாகச் சொல்ல அந்தப் படம் மட்டும் போதாது. தெரியாததைத் தெரியும் என்று சொல்லி உங்களைக் கடலுக்கு அனுப்பமாட்டேன். ஞாயிறு நாலு மணிக்கு வருகிறேன். கிண்ணியாத் தம்பியும் வந்தால் நல்லது.

கிண்ணியாப் பாலம்

வருகிறேன் ரீச்சர்.

கணக்குப்பிள்ளை

நானும் வரலாமா? சல்லிச் சந்தியில் இறங்கினால் நடக்கக்கூடிய தூரமா?

சல்லிக் கடலோடி

சந்தியில் இறங்க வேண்டாம் ஐயா, வெயில். முச்சக்கர வண்டியில் அம்மன் கோயிலடிக்கு வாருங்கள், மகளை அனுப்புகிறேன். காற்று எழும்பினால் பாடம் நடக்காது, படகுகளை மேட்டுக்கு இழுக்க வேண்டியிருக்கும். நீங்களும் ஒரு கை பிடிக்க வேண்டி வரும்.